5,136 வாக்குகளுக்கு ஒரு நன்றி மடல்

அமெரிக்காவின் கென்டக்கி மாநில ஆளுநர் தேர்தலில் என்னோடு வீடு வீடாக வாக்குக் கேட்டு நடந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

தேர்தல் நாளான 2019 நவம்பர் 5 இரவே இதை எழுத உட்கார்ந்தேன். அப்போதைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் மேட் பெவின் தோல்வியை ஏற்காமல் மறுசரிபார்ப்பு கேட்டதால் எடுத்து வைத்துவிட்டேன். 14ஆம் தேதி மாநிலத்தின் 120 கவுண்டிகளிலும் (மாவட்டங்கள்) கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். முடிவு மாறவில்லை, அவரும் ஒப்புக்கொண்டார். இனி நிம்மதியாக நன்றி சொல்லலாம்.

14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் நம் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆண்டி பெஷியர் வென்றது வெறும் 5,136 வாக்குகளில். கவுண்டிக்கு 43 வாக்குகூட வரவில்லை! தேர்தலுக்கு முந்தைய நாள் அதிபர் டிரம்ப்பே லெக்சிங்டனுக்கு வந்து பெவினுக்கு ஆதரவு கேட்டிருந்தார். மாநில அளவிலான மற்ற ஐந்து பதவிகளும் குடியரசுக் கட்சிக்கே போயின.

முதல் நன்றி ஆசிரியர்களுக்கு. 2018 மார்ச்சில் கழிவுநீர் வசதி பற்றிய ஒரு மசோதாவை உள்ளே காலி செய்து, உங்கள் ஓய்வூதியத்தை மாற்றும் 291 பக்கச் சட்டத்தை அதில் நுழைத்துச் சில மணி நேரத்தில் நிறைவேற்றினார்களே, அன்று மூண்ட கோபம் இது. மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக (அட்டர்னி ஜெனரல்) இருந்த பெஷியர் நீதிமன்றம் போனார், சட்டம் ரத்தானது. அதோடு போதும் என்று நீங்கள் ஓய்ந்துவிடவில்லை. விடைத்தாள் கட்டை வீட்டில் வைத்துவிட்டு, போராட்ட அடையாளமான சிவப்புச் சட்டையோடு கோவிங்டன் தெருக்களில் கதவு தட்டினீர்கள். கோவிங்டன் இருக்கும் கென்டன் கவுண்டி நம் பக்கம் வந்தது உங்களால்தான்.

வாக்காளர்களைச் சாவடிக்கு அழைத்துப்போகக் கார் ஓட்டியவர்களை எப்படி மறப்பேன்? சாவடி ஆறு மணிக்கு மூடிவிடும். ஐந்தே முக்காலுக்கு ஒரு பாட்டி, மூக்கில் ஆக்சிஜன் குழாய், மடியில் சிலிண்டர், பின் இருக்கையில் கைப்பையைத் துழாவி அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். "மெதுவாகத் தேடுங்கள், நான் இருக்கிறேன்" என்று ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார். அட்டை கிடைத்தது. பாட்டி வாக்களித்தார்.

எண்ணிக்கை ஊழியர்களுக்கும் என் வணக்கம். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் விலகுங்கள் என்று தங்கள் கட்சி ஆளுநரிடமே சொன்ன குடியரசுக் கட்சி உறுப்பினர்களுக்கும் மனதாரச் சொல்கிறேன், நன்றி. அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

டிசம்பர் 10 பதவியேற்புக்கு மாநிலத் தலைநகர் பிராங்ஃபர்ட் போகிறேன். காரில் மூன்று இடம் இருக்கிறது. வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரு இடம் பாட்டிக்கு.