வற்றும் பெருக்கும் பார்த்து இறங்கு

கொழும்பு 6
ஆகஸ்ட் 20

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. செப்டம்பரில் மகளோடு இங்கிலாந்தின் வட டெவனுக்குப் போய் அலைச்சறுக்குப் பழகப்போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். இங்கே சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்குக் கீழே கடல் கலங்கிக் கிடக்கிறது. வெலிகமவில் அலைச்சறுக்குப் பழக்குகிற பெடியளில் பாதிப்பேர் கிழக்கே அறுகம் குடாப் பக்கம் போய்விட்டார்கள். நவம்பர் பிறந்தால்தான் இந்தக் கரைக்கு உயிர் வரும்.

குளிர் தாங்குமா என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். குளிருக்கு மருந்து வாடகைக்கே கிடைக்கும். நம் கொழும்புக்காரருக்கு அங்கே பிடிபடாத விஷயம் வேறு: வற்றும் பெருக்கும், அதாவது கடல் நீர் இறங்குவதும் ஏறுவதும். காலி முகத்திடலில் காலையில் பார்த்த கடலும் பின்னேரம் பார்த்த கடலும் ஒன்றுதான், ஏற்ற இறக்கம் முக்கால் மீட்டருக்குள். வட டெவனின் சோன்டன் கரையில் அமாவாசை, போயா (பௌர்ணமி) கழிந்து ஓரிரு நாளில் அது ஏழு மீட்டர் அளவுக்குப் போகும். இரண்டு மாடி உயரத் தண்ணீர் ஆறு மணித்தியாலத்தில் ஏறி, அடுத்த ஆறில் இறங்குகிறது. அதுவும் சீராக அல்ல. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவது நான்காவதில் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. அதாவது நடு இரண்டு மணியிலேயே பாதி ஏறிவிடும். கரை சப்பட்டை என்பதால் தண்ணீர் விளிம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் நகரும். செருப்பையும் பையையும் மணலில் வைத்துவிட்டு இறங்கினால், திரும்பும்போது அவை கடலுக்குச் சொந்தம்.

ஆகவே வற்று முடிந்து ஒன்றரை, இரண்டு மணி கழித்து இறங்கு. ஏறுகிற தண்ணீர் உன்னைக் கரைப்பக்கம் தள்ளும். வற்றுகிற தண்ணீர் மணல் திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களால் வடியும்போது இழுவையை, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தை, கூட்டும்.

சோன்டனா, க்ரொய்டா என்று கேட்டாய். சந்தேகமே வேண்டாம், சோன்டன். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் மணல், மெல்லிய சரிவு. அலை தூரத்திலேயே உடைந்து நுரையாக நெடுநேரம் உருண்டு வரும். பக்கத்திலிருக்கிற க்ரொய்டில் வற்று நேரத்தில் அலை குழலாகச் சுருண்டு ஆழமில்லாத மணலில் அடிக்கும். அது தெரிந்தவர்களுக்கான இடம். சோன்டனிலும் தெற்கு முனைக்குப் போகாதே. இரண்டு ஆறுகள் சேர்ந்து கடலில் விழும் முகத்துவாரம் அங்கே இருக்கிறது, நீரோட்டம் பொல்லாதது.

காற்றைப் பார். அந்தக் கரை மேற்கு நோக்கியது, அதனால் கச்சான் (மேல்காற்று) அடித்தால் அலை நொறுங்கிக் குழம்பும். இலேசான கொண்டல் (கீழ்காற்று) என்றால் அலை முகம் வழுவழுப்பாக நிற்கும். முன்னறிவிப்பில் உயரம் 1 முதல் 3 அடி, அலைக்கும் அலைக்கும் இடைவெளி 8 முதல் 10 விநாடி என்றிருந்தால் உனக்கு அளவு. அதே 3 அடி 14 விநாடியோடு வந்தால் வேறு கடல், பலம் மிக அதிகம்.

குளிர்நீரில் போடுகிற ரப்பர் உடையான வெட்சூட்டில் 3/2, 4/3 என்ற எண்கள் மில்லிமீட்டர் கணக்கு: முன்னது உடலுக்கு, பின்னது கைகாலுக்கு. செப்டம்பரில் தண்ணீர் 16, 17 பாகை இருக்கும். 3/2 போதும் என்பார்கள். நம் உடம்புக்கு நீ 4/3 கேள். மார்ச்சில் அது 9 பாகைக்கு இறங்கும், அப்போது 5/4 சூட்டும் தொப்பியும் கையுறையும் இல்லாமல் கதையே இல்லை. சூட் இறுக்கமாக இருக்கவேண்டும். இடுப்பின் பின்புறமும் அக்குளும் தொளதொளவென்றால் ஒவ்வொரு அலைக்கும் புதுக் குளிர்நீர் உள்ளே புகுந்து, உடம்பு சூடாக்கி வைத்ததைக் கழுவிக்கொண்டு போய்விடும். முதுகில் ஸிப் உள்ள சூட்டை முன்பின் மாற்றிப் போடுவது புதியவர் எல்லாரும் செய்கிற வேலை. காலில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டால் வழுக்கி ஏறும். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் அள்ளி விட்டு, மூச்சு சீரானபின் முன்னேறு. திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக இழுபடும், அப்போது தண்ணீர் குடித்துவிடுவாய். முதல் நாள் 45 நிமிடம் போதும். வெளியே வந்தபின்னும் உடம்பு கொஞ்சம் குளிர்ந்துகொண்டுதான் போகும். முதலில் உலர்ந்த உடுப்பு, பிறகு இஞ்சிப் பிளேன்டி.

பலகை: உனக்கு 8 அடி சொஃப்ட் டொப் (மேல்பக்கம் மெத்தென்ற பலகை), மகளுக்கு 7. பலகைக் கயிறு பின்காலில். படுக்கும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு மூன்று விரல் நிற்கவேண்டும். முன்னே போனால் மூக்குக் குத்தும், பின்னே போனால் அலை உன்னை விட்டுவிட்டுப் போகும். சரியான இடம் கிடைத்ததும் உன் நாடி (மோவாய்) பலகையில் எந்த எழுத்துக்கு நேரே வருகிறது என்று பார்த்து வை. நுரை நாலைந்து மீட்டரில் வரும்போது துழாவு. தள்ளுவதை உணர்ந்தபிறகும் இரண்டு துழாவல். பின் உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றி எழும்பு. ஓரத்தைப் பிடித்தால் பலகை சரியும். பாதத்தைப் பார்த்தால் பாதத்திலேயே விழுவாய், பார்வை கரையில் இருக்கட்டும். விழும்போது தட்டையாக விழு, தலையைக் கையால் மூடு. பலகை ஒருபோதும் உனக்கும் அலைக்கும் நடுவில் வரக்கூடாது, இடுப்பை உடைக்கும்.

கறுப்பு வெள்ளைச் சதுரக் கொடிகளுக்கு இடையில்தான் பலகைக்காரர் நிற்கவேண்டும். சிவப்பு மஞ்சள் கொடிகள் நீந்துபவர்களுக்கு. அலை உடையாமல் கருமையாகத் தெரிகிற சந்து பாதுகாப்பானது மாதிரி இருக்கும், அதுதான் இழுவை. மாட்டினால் பலகையை விடாதே, எதிர்த்துத் துழாவாதே, கரைக்குச் சமாந்தரமாகப் போ. முடியாவிட்டால் பலகையில் படுத்தபடி கையை உயர்த்து.

வெட்சூட் பூட்ஸ் கட்டாயம் போடு, குளிருக்காக மட்டுமல்ல. வற்று நேரத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் வீவர் என்ற சின்ன மீனின் முள் குத்தினால் உயிர் போகிற வலி. மருந்து திருக்கை முள்ளுக்கு நம்மாட்கள் செய்வதேதான்: தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணியாவது காலை வைத்திருப்பது. சுடுநீர் ஃபிளாஸ்க் ஒன்றும் கொண்டுபோ.

நாளைக் குறித்ததும் வற்று நேரத்தை எனக்கு எழுது. அச்சிட்ட அட்டவணைகள் பலவற்றில் கிரீன்விச் நேரம்தான் இருக்கும். செப்டம்பர் அங்கே கோடை நேரம், ஒரு மணி கூட்டிப் பார்.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை மச்சான்