'கேஷ்' வேறு, காசு வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கேஷ்', நம் காசிலிருந்து போனது என்று தங்கள் மாணவர் பகுதியில் வந்த குறிப்பு பாதிதான் சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்து ஒன்று, ஒலிப்பு ஒன்று, வந்த வழி வேறு. நல்ல அகராதிகள் அவற்றைத் தனித்தனிப் பதிவாகவே தருகின்றன.

ரொக்கம் என்ற பொருளுள்ள கேஷுக்கு மூலம் பெட்டியைக் குறிக்கும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல். இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்' என்று மாறி, 1590களில் ஆங்கிலத்தில் ஏறியது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள் இருந்தது. பெட்டியின் பெயர் உள்ளேயிருக்கும் பணத்துக்கு ஆகிவருவது நமக்கும் பழக்கம்தான்; படம் 'கல்லா கட்டியது' என்கிறோமே! இத்தாலியில் இன்றும் கடையில் பணம் கட்டுமிடம் 'காஸ்ஸா'தான். கேஷியர் இந்த வழியில் வந்தவர். மருந்துக் கடை கேப்ஸ்யூலும் இதே வேர்தான். சிறு பெட்டி என்று பொருள். ஆனால் ராணுவ அதிகாரியைப் பதவிநீக்கம் செய்வதைச் சொல்லும் 'கேஷியர்' என்ற வினைச்சொல் இதில் சேராது.

இரண்டாவது கேஷ், சில்லறை நாணயத்தின் பெயர். இதுதான் நம் காசு. போர்ச்சுகீசியர் அதைத் தம் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்ற சொல்லின் வடிவிலேயே எழுதினார்கள். குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் வழியாக ஆங்கிலேயருக்கு வந்து, நடுவில் சதுர ஓட்டையுள்ள சீனக் காசுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

நம் சென்னையிலேயே 1818 வரை கும்பினிக் கணக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு, 80 காசு ஒரு பணம் (அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம் என்று நடந்தது. அதாவது வராகனுக்கு 3,360 காசு. அந்தக் கால ஆங்கிலக் கணக்கேடுகளில் வராகன், பணம், காசு என்ற வரிசையில் மூன்றாவது பத்தியில் 'கேஷ் 40' என்றிருந்தால் அது 40 காசு நாணயம். ரொக்கமாகக் கொடுத்தது என்று படித்தால் கணக்கே புரண்டுவிடும்.

ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. சொல் முதலில் எழுத்தில் வந்த ஆண்டு, அன்று அதற்கிருந்த பொருள், அதைச் சுமந்து போனவர்கள் யார் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கட்டுமரமும், 'செரூட்' ஆன சுருட்டும், 'மல்லிகடானி' ஆன மிளகுத்தண்ணீரும் இந்தச் சோதனையில் நிற்கின்றன. ரொக்கக் கேஷ் நிற்கவில்லை. மாணவர்கள் குறித்துவைத்துப் படிக்கும் பகுதி என்பதால், அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

– தமிழாசிரியர், திருவல்லிக்கேணி, சென்னை – 5