வாசகர் மன்ற ஆண்டறிக்கை: மேடையிலிருந்து வானொலிக்கு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் நிகழ்த்தப்பட்ட பொது உரைகளையே இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் வாசித்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார் என்பதால், இவ்வறிக்கை வாசித்தவற்றைப் பற்றியதாகவே அமைகிறது.

முதல் கூட்டம் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் 1919 செப்டம்பர் பயணத்தைப் பற்றியது. முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க நாடுகள் கூடி அமைத்த சர்வதேச சங்கத்தில் (League of Nations) தம் நாடு சேர வேண்டும் என்று மக்களிடம் நேரில் வாதாட ரயிலேறிய அவர், 22 நாள்களில் ஏறத்தாழ 8,000 மைல் சென்று சுமார் 40 உரைகள் ஆற்றினார். சான் டியாகோவில் ஒலிபெருக்கி வாய்த்தது; மற்றபடி பெரும்பாலும் தொண்டையை நம்பியே பேசினார். செப்டம்பர் 25 அன்று புவெப்லோவில் பேசியபின் உடல் தளர்ந்து பயணத்தை நிறுத்தினார். அக்டோபர் 2 அன்று பக்கவாதம் தாக்கியது. நவம்பரில் செனட் சபை, அச்சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் அமைதி ஒப்பந்தத்தை நிராகரித்தது.

அடுத்து வந்த அதிபர் ஹார்டிங், 1921 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையை ஒலிபெருக்கி வழியே ஆற்றினார். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று ஆர்லிங்டனில் பெயர் தெரியாத போர்வீரரின் அடக்கத்தின்போது அவர் பேசியது, தொலைபேசிக் கம்பிகள் வழியாக நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கூடியிருந்தவர்களுக்கும் கேட்டது. அவருக்குப் பின் அதிபரான கூலிட்ஜுக்கு ஒதுக்கிய மாதம் சற்றுச் சோர்வாகவே கழிந்தது. 1923 டிசம்பர் 6 அன்று நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரையே வானொலியில் ஒலிபரப்பான அத்தகைய முதல் உரை என்பதற்கு மேல் எவரும் அதிகம் பேசவில்லை.

ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம், செயலாளரின் கருத்தில், லிங்கன் நினைவகத் திறப்பு விழாவைப் பற்றியதே. 1922 மே 30 அன்று நடந்த அவ்விழாவில் கறுப்பின மக்கள் சார்பில் பேச அழைக்கப்பட்டவர் டஸ்கீகீ கல்வி நிலையத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன். லிங்கன் எதற்காக உயிர் விட்டாரோ அது நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் நனவாகாதவரை இந்த நினைவகம் வெற்றுப் போலியே என்று அவர் எழுதியிருந்தார். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த விழாக் குழுவினர் அத்தகைய பகுதிகளை நீக்கச் செய்தனர். அடிமைத்தளையை அறுத்தவருக்கு எழுப்பிய மண்டபத்தின் முன்னேயே கறுப்பின மக்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. எழுதிய உரையையும் பேசிய உரையையும் அடுத்தடுத்து வாசித்துக் கேட்டபின், அன்று விவாதம் தொடங்கவே சற்று நேரமாயிற்று.

அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. வங்கிகளையெல்லாம் மூடிவைத்திருந்த நிலையில், 1933 மார்ச் 12, ஞாயிறு இரவு, அவர் வானொலியில் பதினைந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பேசினார். வங்கியில் போட்ட பணம் எங்கே போகிறது என்பதை வீட்டாருக்குச் சொல்வதுபோல் விளக்கி, மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட மீண்டும் திறக்கும் வங்கியில் வைப்பதே பத்திரம் என்றார். மறுநாள் திறந்த வங்கிகளில் மக்கள் எடுத்ததைவிடப் போட்டதே அதிகம். இவ்வகை உரைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘fireside chat’ என்ற பெயரை எப்படித் தமிழாக்குவது என்பதில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. ‘திண்ணைப் பேச்சு’ என்று ஒருவர் சொன்னது இதமாக இருந்தாலும், அச்சொல்லில் வெட்டிப் பேச்சின் வாடையும் உண்டு என்பதால் ‘கணப்போர உரை’ என்றே குறிப்பேட்டில் பதிவு செய்துள்ளேன்.

வானொலி எல்லோரையும் நல்வழியில் பேச வைத்தது என்று எண்ணிவிட வேண்டாம் என மூத்த உறுப்பினர் ஒருவர் எச்சரித்தது சரியே. ஒருவரை ஒருமையில் அழைத்துப் பேசுவதுபோன்ற அதே நெருக்கத்தைக் கொண்டுதான் மிச்சிகனைச் சேர்ந்த பாதிரியார் காக்லின் பெருங்கூட்டத்தைத் தம்பால் ஈர்த்து, 1938 வாக்கில் யூதர்மீது வெறுப்பை வெளிப்படையாகவே பரப்பினார். இவரையும் லூசியானா மாநில அரசியல்வாதி ஹியூயி லாங்கையும் ஒரே கூட்டத்தில் அடக்கியது என் பிழை. லாங்குக்கு நேரமே கிடைக்கவில்லை. வரும் ஆண்டின் முதல் கூட்டம் அவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டாவது கூட்டத்தில், 1939 ஏப்ரல் 9 அன்று அதே லிங்கன் நினைவகப் படிகளில் கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் பாடுவதற்கு முன் அமைச்சர் இக்கஸ் ஆற்றிய சிற்றுரையை மோட்டனின் உரையோடு சேர்த்து வாசிக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்