கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ வாங்க நினைக்கும் தங்க முலாம் பூசிய வெள்ளிப்பெட்டி அழகுதான். மூடியில் கொடி வேலை நல்ல கை. ஆயிரம் பொருளுக்கு நடுவே அதை எடுத்தாயே, பட்டறையில் வளர்ந்த கண் பொய்க்கவில்லை.

ஆனால் கடைக்காரர் சொல்வதுபோல அது 1700-களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் செய்த பெட்டி இல்லை. அடிப்பக்கத்தைப் பார். பைன் காய் முத்திரை ஆக்ஸ்பர்க்குடையது, சரி. பக்கத்திலேயே பிறை, கிரீடம், ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று காட்டும் 800 எல்லாம் இருக்கிறதே! அந்தப் பிறையும் கிரீடமும் 1888-இல்தான் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தன. அந்தக் காலத்தில் ஜெர்மனியின் ஹனாவ் ஊர்ப் பட்டறைகளில் பழைய பாணியில் செய்து, பழைய முத்திரை போலவும் அடித்து விற்றார்கள். நாலாயிரம் யூரோ கொடுக்காதே. முத்திரையைப் பார்த்து விலை பேசு.

முலாம் பாதரசத்தில் ஏற்றியதா, மின்சாரத்திலா என்று படத்தில் சொல்ல முடியாது. பாதரசம் என்றால் பெரியப்பா கைதான் ஞாபகம் வருகிறது. எதுவானாலும் புளி போட்டுத் தேய்த்துவிடாதே, தங்கம் போய்விடும்.

இன்னொன்று. நாஜிகள் ஆண்ட 1933-க்கும் 1945-க்கும் நடுவில் அந்தப் பெட்டி யார் வீட்டில் இருந்தது என்று கேள். 1939-இல் யூதர்களை வீட்டு வெள்ளியையெல்லாம் நகராட்சி அடகுக்கடையில் ஒப்படைக்க வைத்தார்கள். கல்யாண மோதிரமும் ஆளுக்குக் கொஞ்சம் கரண்டியும்தான் மிச்சம். உன் மியூனிக்கிலேயே பவேரிய தேசிய அருங்காட்சியகம் அப்படி வந்த சாமான்களுக்கு வாரிசுகளைத் தேடித் திருப்பிக் கொடுக்கிறது. ஒருவரிடம் பிடுங்கியது நம் பூஜை அறைக்கு வேண்டாம். கடைக்காரர் மழுப்பினால் வெளியே வந்துவிடு.

என் எழுபதுக்குத்தான் இது என்று எழுதியிருக்கிறாய். இத்தனை பணம் எதற்கு? பெட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுத நேரமிருக்கிறது, அம்மாவுக்கு ஒரு போன் போட நேரமில்லை. வழக்கமாகப் படமெல்லாம் மாப்பிள்ளைதானே எடுப்பார்? இந்த முறை நீயே எடுத்திருக்கிறாய் போல. அவருக்கு வேலை அதிகமாக இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. முத்திரையை மறுபடி பார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. தை பிறப்பதற்குள் வந்துவிடு. சமையல்காரர் ஆள்கணக்கு கேட்கிறார். டிக்கெட் ஒன்றா இரண்டா என்று அம்மாவிடம் சொல்லிவிடு. எதுவானாலும் மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா