பார்சலோடு வரும் கடிதம்

அல்சூர், பெங்களூரு
ஞாயிறு இரவு

பாப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை மணாலியிலிருந்து நீ போனில் சொன்னது பாதிதான் கேட்டது. "ஏத்தத்துல பைக் கத்துதுப்பா, ஆனா நகர மாட்டேங்குது" என்றாய். அப்புறம் லைன் போய்விட்டது. இரண்டு நாளாக அந்த ஒரு வரிதான் என் காதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் ஒன்றைப் பார்ப்பாய், ஒன்று விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதி, பார்சலுக்குள்ளேயே வைக்கிறேன். முதலில் இதைப் படி, அப்புறம் ஸ்பேனரை எடு.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது உள்ளே இருக்கும் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்குகின்றன. ஆனால் போனில் கேட்டதை நம்பி இன்ஜினைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன். நல்ல தார் ரோட்டில், காலியான இடத்தில், மூன்றாவது கியரில் 40-ல் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகு. இன்ஜின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் குபீரென்று ஏறி, வண்டி அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தால் ஸ்லிப்தான். இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதே, ஒவ்வொரு தடவையும் பிளேட் கொஞ்சம் எரியும். கிளட்ச் லிவரைப் பிடித்த பிறகும் வண்டி முன்னால் இழுக்கிறது, நின்றால் நியூட்ரல் விழவில்லை என்றால் அது வேறு நோய். கிளட்ச் பிரியவில்லை என்று அர்த்தம். உனக்கு இரண்டும் இருக்கிறதா, ஒன்றுதானா என்று பார்த்து வை.

பிரிப்பதற்கு முன், லிவரிலிருந்து கிளட்சுக்குப் போகும் கேபிளைப் பார். லிவரின் நுனியில் சும்மா ஆடும் இடம் இருக்கிறதே, அந்தப் ப்ளே எவ்வளவு இருக்க வேண்டும் என்று உன் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர். பிளேட் தேயத் தேய இந்தப் ப்ளே குறைந்துகொண்டே வரும். பலருக்கு இது தெரிவதில்லை. ப்ளே சுத்தமாகப் போய்விட்டால், நீ லிவரைத் தொடாமலேயே யாரோ அதைப் பாதி பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி ஆகிவிடும். ஸ்பிரிங் முழு அழுத்தம் கொடுக்காது, பிளேட் வழுக்கும், சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். குன்சும் கணவாய் போகும் வழியில், கிராம்பு என்ற ஊரைத் தாண்டி சத்ரு, பட்டல் ஊர்களின் பக்கம் ஓடையில் எல்லாம் இறங்கி ஏறுகிறாய். அந்தச் சேற்றுத் தண்ணீர் கேபிளின் உறைக்குள் போய் உலர்ந்தால், கம்பி போகும், திரும்பி வர மறுக்கும். கேபிளை இன்ஜின் பக்கம் கழற்றி, கையால் இழுத்துவிட்டுப் பார். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். சொரசொரவென்று பிடித்தால் மாற்றிவிடு, புதுக் கேபிளும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது ஆயில். போன மாதம் அங்கே ஒரு கடையில் ஆயில் மாற்றியதாகச் சொன்னாய். என்ன ஊற்றினார்கள் என்று டப்பாவைப் பார்த்தாயா? உன் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும் கிளட்ச். சில கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். காருக்கு அது நல்லது, அதன் கிளட்ச் ஆயில் படாமல் தனியே இருக்கிறது. உன் பிளேட்டுக்கு அது எமன். டப்பாவில் ஜாசோ (JASO) என்ற ஜப்பான் தரக்குறியோடு எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. தப்பான ஆயில் என்று தெரிந்தால் முதலில் அதை மாற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார். அதிலேயே சரியாகிவிட்ட வண்டிகள் என் கடைக்கு வந்திருக்கின்றன. வடித்த ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து முகர்ந்து பார். கருகிய வாசனை வந்தால் பிளேட் வெந்துவிட்டது. பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அப்போது கிளட்சை விட்டுவிட்டு எனக்குப் போன் செய்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால் கவரைத் திற. ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாதே. எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்து. பிளேட்டுகள் வரும் வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி, மார்க்கரால் எண் போடு.

நான் வைத்திருக்கும் ஐந்து உராய்வுப் பிளேட்டையும் வெர்னியரில் அளந்தேன், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர். பழையதை நாலு இடத்தில் அளந்து பார். ஒவ்வொன்றிலும் 0.2 தேய்ந்திருந்தால் 'இவ்வளவுதானே' என்று தோன்றும். ஐந்தையும் கூட்டினால் ஒரு முழு மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் ஸ்பிரிங் நீண்டு, அழுத்தம் குறைந்துவிடும். அதனால்தான் கடைசி மாதத்தில் கிளட்ச் திடீரென்று போன மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கின் உயரத்தையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடு. புது பிளேட்டோடு குட்டையான பழைய ஸ்பிரிங்கைப் போடாதே, செட்டாகவே அனுப்பியிருக்கிறேன்.

உராய்வுப் பிளேட்டுகளுக்கு நடுவே வரும் ஸ்டீல் பிளேட்டில் நீலம் படிந்திருந்தால் நன்றாகச் சூடாகியிருக்கிறது. கண்ணாடி மேல் வைத்து, ஓரத்தில் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.2 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று பார். நுழைந்தால் அதை மாட்டாதே. ஓரத்தை விரலால் தடவினால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மழுங்கலாகவும் இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கு.

பிளேட்டுகள் உட்காரும் கிண்ணம்தான் ஹவுசிங், அதைச் சுற்றி நிற்கும் விரல்களைத் தடவிப் பார்க்க மறக்காதே. உராய்வுப் பிளேட்டின் காதுகள் அந்த அலுமினியத்தில் இடித்து இடித்துப் பள்ளம் போடும். பள்ளத்தில் காது மாட்டிக்கொண்டால் பிளேட் நகராது, நியூட்ரல் விழாது. பல வருஷத்துக்கு முன் ஒரு பையனின் வண்டிக்கு இதைப் பார்க்காமல் பிளேட் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்ப வந்தான், கோலார் ரோட்டில் இருட்டில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் எனக்கு மனசு ஆறவில்லை. லேசான பள்ளம் என்றால் மெல்லிய அரத்தால் சமமாக்கலாம். நகம் முழுசாக இறங்கினால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். போட்டோ அனுப்பு, ஜே.சி. ரோட்டில் நானே தேடி எடுக்கிறேன்.

புதுப் பிளேட்டுகளை முதல் நாள் ராத்திரியே எம்ஏ2 ஆயிலில் ஊறப் போடு. காய்ந்த பிளேட்டை மாட்டினால் முதல் கிலோமீட்டரிலேயே கருகிவிடும். போல்ட்டுகளை மறுபடி எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கு. அவை அலுமினியத்தில் போகின்றன, உன் கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

இனி சொல்வது என்னைப் பற்றியது. நந்தி மலைக்கு முதல் தடவை நீ ஓட்டிக்கொண்டு போன நாள் ஞாபகம் இருக்கிறதா? திருப்பத்தில் வண்டி ஆஃப் ஆகிப் பின்னால் உருண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "கிளட்சை முழுசா விடாதே, ரெண்டு விரல் எப்பவும் வெச்சுக்கோ" என்று பின்னால் இருந்து கத்தினேன். அப்புறம் சில்க் போர்டு நெரிசலில் தினமும் அதையே செய்து பழகினாய். அந்த விரல்களை இன்னும் எடுக்கவில்லை, நீ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். அந்தப் பழக்கத்தை உனக்குக் கொடுத்தவன் நான்.

இங்கே நாம் இருப்பது ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். இன்ஜின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். சோர்ந்த இன்ஜினை ஆஃப் ஆகாமல் காப்பாற்ற நீ லிவரைப் பாதி பிடித்தபடி ஹாஃப் கிளட்சிலேயே ஏறுகிறாய். பிளேட்டைத் தின்றது அதுதான். அதனால் முன் ஸ்ப்ராக்கெட்டும் (செயின் ஓடும் பல் சக்கரம்) ஒன்று வைத்திருக்கிறேன். உன்னுடையது 14 பல், இது 13. சக்கரத்தில் ஏழு எட்டு சதவீதம் இழுவை கூடும், மேல் வேகம் அதே அளவு குறையும். மணாலியில் உனக்கு அந்த வேகம் தேவையில்லை. மாட்டிய பிறகு செயின் தளர்வைச் சரி பார். அப்புறம் முதல் கியரில் போட்டு, லிவரை முழுசாக விட்டுவிட்டு, ஆக்சிலேட்டராலும் பின் பிரேக்காலும் ஏறிப் பழகு. சேற்றில் மாட்டிக்கொண்டால் முறுக்கிக்கொண்டே இருக்காதே. இறங்கி, ஆள் பிடித்துத் தள்ளு.

20-ஆம் தேதி குழுவைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதாகச் சொன்னாய். அதற்குள் மாட்டி, ஒரு நாளாவது தனியாக ஓட்டிப் பார்த்துவிடு. முடியவில்லை என்றால் அவர்கள் வண்டி எதிலாவது பின்னால் உட்கார்ந்து போ, இந்த வண்டியில் மேலே போகாதே. அம்மாவும் இதையேதான் சொல்கிறாள்.

பழைய பிளேட்டுகளை எறிந்துவிடாதே. எண் போட்டபடியே காகிதத்தில் சுற்றி, தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. எது எங்கே கருகியிருக்கிறது என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பா