குழலோடு போல்ட்டையும் ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரைபிளுக்குப் புதுக் குழல் போட வருகிறவர்களிடம் போல்ட்டையும், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டி அடைக்கும் பாகத்தையும், கேட்கிறோம். அது கையில் இல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. சிலருக்கு இது வீண் அலைச்சலாகத் தெரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போல்ட்டைப் பூட்டியபின் அதன் முகப்புக்கும், தோட்டாவை அதற்குமேல் முன்னே போகவிடாமல் அறை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழி) தடுக்கும் இடத்துக்கும் உள்ள தூரமே ஹெட்ஸ்பேஸ். .308 வின்செஸ்டர் வகையில் தோட்டாவின் தோள் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி) தடுக்கும்; .303 பிரிட்டிஷில் அடிவிளிம்பு தடுக்கும். இதைச் சோதிக்க அறைக்குள் போடும் அளவுத்துண்டுகள்தான் கேஜ்: கோ கேஜ் குறைந்தபட்ச அளவு, நோ-கோ கேஜ் புதுக் குழல் எட்டக் கூடாத அளவு. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634. வித்தியாசம் ஒரு ஜெராக்ஸ் தாளின் தடிமன்தான். இந்த அளவு குழலை மட்டும் பொறுத்ததல்ல. போல்ட்டின் முகப்பும் அதன் பூட்டுக் காதுகளும் சேர்ந்தே இதை முடிவு செய்கின்றன.

இடைவெளி கூடினால் என்ன ஆகும்? ஃபயரிங் பின் அடித்ததும் தோட்டா முன்னே தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறும்போது தோட்டாவின் பித்தளைக் கூட்டின் மெல்லிய சுவர் அறையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் போல்ட்டை நோக்கிப் பின்வாங்குகிறது. நடுவில் மாட்டிய பித்தளை இழுபட்டு மெலிகிறது. முதல் தோட்டா ஒன்றும் காட்டாமல் போகலாம். கூட்டை மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்கள் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்; ரைபிளையும் சோதிக்கக் கொண்டுவாருங்கள். கூடு அங்கே அறுந்தால் 60,000 பி.எஸ்.ஐ.யை ஒட்டிய அழுத்தத்தில் வாயு பின்பக்கம் பீறிடும். அங்கே இருப்பது உங்கள் முகம்.

சோதனைக்கு அறையைத் துடைத்து, போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின், கூட்டை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் ஆகியவற்றைக் கழற்றிவிடுகிறோம். ஸ்பிரிங் ஒன்று இருந்தாலும் கை உணர்வு ஏமாற்றும். கோ கேஜில் போல்ட் விரல்நுனி அழுத்தத்திலேயே மூட வேண்டும். நோ-கோவில் மூடக் கூடாது. வலுக்கட்டாயமாக மூடாதீர்கள். போல்ட் கைப்பிடியின் நெம்புவிசையில் கேஜும் அறையும் கெட்டுப்போகும். உயிருள்ள தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல, ஆபத்து.

சேவேஜ் 110 வகை ரைபிளில் குழலை இறுக்கிப் பிடிக்கும் குழல் நட் இருப்பதால் பலர் வீட்டிலேயே குழல் மாற்றுகிறீர்கள். நல்ல வடிவமைப்பு, தாராளமாகச் செய்யலாம். ஆனால் அங்குலத்துக்கு 20 புரி என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.050 அங்குலம், கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ 29 பாகைத் திருப்பம் மட்டுமே. நட்டை இறுக்கும்போது குழல் லேசாக நகரும். ஆகவே இறுக்கி முடித்தபின் இரண்டு கேஜையும் மறுபடி போட்டுப் பாருங்கள். கோ கேஜின் அடியில் டேப் ஒட்டி அதையே நோ-கோவாக்கும் வழக்கத்தை நாங்கள் ஏற்பதில்லை. டேப் நசுங்கும், தடிமனும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

நோ-கோவில் மூடுகிறது, ஆனால் அதைவிட நீளமான ஃபீல்ட் கேஜில் மூடவில்லை, போதாதா என்று கேட்கிறீர்கள். அது உழைத்துத் தேய்ந்த துப்பாக்கிக்கான எல்லை. புதிதாகக் கட்டியதை அந்த நிலையில் நாங்கள் தர மாட்டோம்.

ஒரே மாடலில் இரண்டு ரைபிள் வைத்திருப்பவர்கள் துடைக்கும்போது போல்ட்டை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். மாறியதாகச் சந்தேகம் வந்தால் சுடாமல் இரண்டையும் கொண்டுவாருங்கள். தோட்டாக்கள் வேண்டாம், கேஜ் எங்களிடம் இருக்கிறது. ஒப்படைக்கும் அன்று கேஜைப் போட்டு போல்ட்டை நீங்களே மூடிப் பார்க்கலாம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து