பெட்டி யார் செலவில் வந்தது?

அன்புள்ள கௌரி,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. நீ கேட்டிருந்த விஷயத்துக்கு ஒரு வரியில் பதில் எழுத வரவில்லை, அதனால்தான் தாமதம். முதலில் வீட்டுச் சேதி. 40 மீட்டர் அலைவரிசைக்காகக் கட்டியிருந்த டைபோல் ஆண்டெனாவின் கயிறு நைந்து அறுந்துவிட்டது, மாற்றிக் கட்டியாயிற்று. எஸ்டபிள்யூஆர், அதாவது ஆண்டெனா ரேடியோவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, முன்னைவிட நன்றாகவே இருக்கிறது, ஏன் என்று மட்டும் கேட்காதே. 10 மீட்டர் அலைவரிசை பகலில் அடிக்கடி திறந்துகொண்டு தூரத்துக் குரல்கள் கேட்பதால் வீட்டு வேலையெல்லாம் சாயங்காலத்துக்குப் போய்விடுகிறது. பேரன் மோர்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்று நாள் முழுக்க வாயாலேயே டிட் டா போட்டு எல்லோரையும் படுத்தி எடுக்கிறான்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். நம்மைப் போன்ற ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, ரேடியோ விற்கும் ஒரு கம்பெனி உனக்கு எழுதியிருக்கிறது. கையடக்க ரேடியோ ஒன்று அனுப்புகிறோம், வீடியோ போடுங்கள், உங்கள் மனதில் பட்டதைச் சொன்னால் போதும், ரேடியோவை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று. 'நான் காசு எதுவும் வாங்கப்போவதில்லையே, இதையும் சொல்ல வேண்டுமா?' என்று கேட்டிருக்கிறாய். சொல்லத்தான் வேண்டும். அதோடு, 'இலவசமாக வந்தது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றும் நினைத்துவிடாதே. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

விதிகளைப் பற்றிக் குழப்பம் வேண்டாம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும், அதே ஆண்டு ஜனவரியில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்டதும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கின்றன. காசு வாங்கினால் மட்டும் சொன்னால் போதாது. இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு, அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர், இவையெல்லாமே பார்ப்பவருக்குத் தெரிய வேண்டிய தொடர்புகள். வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்பில் எழுதினால் மட்டும் ஆகாது, வீடியோவுக்குள்ளேயே வர வேண்டும். எந்த மொழியில் பேசுகிறாயோ அந்த மொழியிலேயே அதையும் சொல்ல வேண்டும். இது எனக்குப் பிடித்த விதி. அரை மணி நேரம் அழகாகத் தமிழில் பேசிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஓடவிடுகிறவர்களை நீயும் பார்த்திருப்பாய்.

யூடியூபில் வீடியோ ஏற்றும்போது அங்கே இருக்கும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் அடித்தால், தொடக்கத்தில் சில விநாடிகள் ஒரு சின்னப் பட்டை வந்து போகும். விளம்பரத் தொடர்பு இருக்கிறது என்று அது சொல்லும், என்ன தொடர்பு என்று சொல்லாது. தளம் தரும் இந்த மாதிரி வசதியே போதும் என்று இருந்துவிடாதீர்கள் என்று அந்த அமெரிக்கக் கமிஷனே எச்சரிக்கிறது. டிக் அடித்துவிடு. அடித்துவிட்டு வாயாலும் சொல்.

எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு நல்ல கெட்ட உதாரணம் வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு ரேடியோ வீடியோ பார்த்தேன். ஆளைச் சொல்லவில்லை, உனக்கும் தெரிந்தவர்தான். பெட்டியைப் பிரிப்பது, பெல்ட் கிளிப்பை மாட்டுவது, திரையின் வெளிச்சம் என்று பாதி வீடியோ போயிற்று. நம் சிக்னலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரைத் திறந்து ஒருவரைக் கூப்பிட்டார், அவரும் 'ஆடியோ அருமை ஓஎம் (நண்பரே), ஃபைவ் நைன்' என்று சிக்னலுக்கு முழு மதிப்பெண் கொடுத்தார். கடைசியில் சார்ஜரைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துக்கொண்டே, கேமராவைப் பார்க்காமல், 'கம்பெனி நண்பர்களுக்கு நன்றி, அவர்களால்தான் இது சாத்தியமாயிற்று' என்றார். என்ன சாத்தியமாயிற்று? ரேடியோ கொடுத்தார்களா, கடனுக்குத் தந்தார்களா, காசு கொடுத்தார்களா, பெட்டி சீக்கிரம் வந்து சேர வழி செய்தார்களா? இந்த நன்றியில் எல்லாமே அடங்கும், எதுவுமே தெரியாது. கீழே இருந்த ஆறு சுட்டிகளும், அவற்றின் வழியாக யாராவது வாங்கினால் அவருக்குக் கமிஷன் தரும் சுட்டிகள். அது 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் கண்ணில் படும்.

அவர் காசுக்குப் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ரேடியோ அவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். ஒருவர் கையால் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவர் பொருளை நாலு பேர் முன்னால் குறை சொல்ல நமக்கு நாக்கு எழாது. அது கெட்ட குணம் இல்லை, நல்ல குணம்தான். கம்பெனிக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் எந்த நிபந்தனையும் போடாமல் அனுப்புகிறார்கள். குறை சொன்னால் சண்டைக்கு வரமாட்டார்கள். அடுத்த மாடல் வரும்போது உனக்கு மெயில் வராது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இது நடந்தது. ஸ்க்வெல்ச் (யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) சரியில்லை என்று வீடியோவில் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

இன்னொரு சங்கதி, இது எனக்கே புதிதாக இருந்தது. 2005-இல் டேலியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், டான் மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறையச் சில்லறை. ஒருவர் தூரத்திலிருந்து பார்த்து எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட வேண்டும், கிட்டத்தில் பார்த்த இன்னொருவர் அவருக்கு ஆலோசனை சொல்வார். மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கூடுதல் பணம் ஆலோசகருக்கு. இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட்ட குழுவில் ஆலோசகர்கள் அடக்கி வாசிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இன்னும் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். கேட்டவர்கள் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், ஆனால் ஏற்றிச் சொன்ன அளவுக்குக் கழிக்கவில்லை. 'அதான் சொல்லிவிட்டோமே' என்ற தைரியம் ஒரு பக்கம், 'இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறவர் பொய்யா சொல்வார்' என்ற நம்பிக்கை மறுபக்கம். இலவசம் என்று சொல்லிவிட்டாலே போதாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அப்படியானால் வேறு என்ன சொல்ல வேண்டும்? என் பார்வையில், எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும். ரேடியோ வீடியோக்களில் ஒருபக்கச் சாய்வு பொய்யாக வருவதைவிட மௌனமாக வருவதுதான் அதிகம். யாரும் 'இதன் ஹார்மோனிக்ஸ் சுத்தம்' என்று பொய் சொல்வதில்லை, அதை அளப்பதே இல்லை. பேசும் அலைவரிசையின் இரண்டு, மூன்று மடங்கில் தானாக வழியும் வேண்டாத சிக்னல்தான் ஹார்மோனிக்ஸ். 145 மெகாஹெர்ட்ஸில் நீ பேசினால் மூன்றாவது ஹார்மோனிக் 435-இல் போய் விழும், அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய இன்னொரு பேண்டுக்குள்ளேயே (அலைவரிசைப் பகுதிக்குள்ளேயே). இரண்டாவது 290-இல், அது நம் இடமே இல்லை. இந்த வகை 5 வாட் ரேடியோவில் இப்படி வழியும் ஒவ்வொன்றும் 25 மைக்ரோவாட்டைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க விதி. கணக்குப் போட்டால் மூல சிக்னலைவிட 53 டெசிபல் கீழே இருக்க வேண்டும். ரிப்பீட்டர் திறந்தது, நண்பர் ஃபைவ் நைன் கொடுத்தார் என்பதை வைத்து இதை எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து பேண்டில் இருப்பவனுக்குத்தான் தெரியும், அவன் வீடியோவில் வரமாட்டான்.

தூர தேசங்களோடு பேச உதவும் எச்எஃப் (சிற்றலை) ரேடியோ வீடியோக்கள் இதைவிட மோசம். ஆளில்லாத மதிய வேளையில் சிக்னல்கள் அருவிபோல் ஓடும் வாட்டர்ஃபால் திரையைக் காட்டி, எஃப்டி8 என்ற கம்ப்யூட்டர் முறையில் இரண்டு தொடர்பு போட்டு, 'ரிசீவர் பிரமாதம்' என்று முடிப்பார்கள். எஃப்டி8 காதுக்கே கேட்காத, இரைச்சலுக்கு 20 டெசிபல் கீழே உள்ள சிக்னலைக்கூடப் படித்துவிடும். அதில் தொடர்பு கிடைத்ததற்கு ரிசீவரைப் பாராட்டினால் எப்படி? போட்டி நடக்கும் வார இறுதியில், இரண்டு கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒருவன் பெரும் சக்தியோடு கத்திக்கொண்டிருக்கும்போது அந்த மெல்லிய சிக்னல் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1970களில் ராப் ஷெர்வுட் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ரிசீவர்களை 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அளந்தார்கள், எண்கள் அழகாக இருந்தன, அதே ரிசீவர் நெரிசலான பேண்டில் திணறியது. அவர் இடைவெளியை 2 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்து அளக்க ஆரம்பித்தார். இன்றைக்கும் அவருடைய அட்டவணை அந்த எண்ணை வைத்துத்தான் ரிசீவர்களை வரிசைப்படுத்துகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் அளந்தவர்கள் யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்யவில்லை என்பதையும் கவனி.

உடனே நீ, 'அப்படியென்றால் சொந்தக் காசில் வாங்கியவர் மட்டும்தான் பேச வேண்டுமா?' என்று கேட்பாய். அமெரிக்க ஹாம்களின் சங்கமான ஏஆர்ஆர்எல் தன் க்யூஎஸ்டி பத்திரிகை விமர்சனத்துக்குக் கடையில் சாதாரண வாடிக்கையாளர் மாதிரியே ரேடியோவை வாங்குகிறது, வேலை முடிந்ததும் ஏலத்தில் விட்டுவிடுகிறது. இதில் கம்பெனி பொறுக்கி எடுத்து அனுப்பிய நல்ல பீஸ் என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அது சங்கம், நீ தனி ஆள். அதோடு சொந்தக் காசுக்கும் ஒரு சாய்வு உண்டு. சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு வாங்கியதை மட்டம் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? வாங்கிய ரேடியோவை விற்கும் நாளில்தான் நிறைய ஹாம்களுக்கு அதன் குறைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. அதனால் அனுப்பினால் வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன்.

நம் பொழுதுபோக்கில் இது ஏன் கூடுதலாக உறுத்துகிறது தெரியுமா? சர்வதேச வானொலி விதிகளிலேயே அமெச்சூர் சேவை என்பது பண நோக்கம் இல்லாமல், சொந்த ஆர்வத்துக்காகச் செய்வது என்றுதான் எழுதியிருக்கிறது. காற்றில் நாம் விளம்பரம் செய்வதில்லை. விற்பதற்குப் பழைய ரேடியோ ஒன்று கைவசம் இருக்கிறது என்று எப்போதாவது சொன்னாலே சிலருக்கு முகம் சுளிக்கும். வீடியோ காற்றில் போவதில்லை, அந்த விதி அதற்குப் பொருந்தாது, சரி. ஆனால் பார்ப்பவன் உன்னைக் கடைக்காரியாகப் பார்ப்பதில்லை. நம்மில் ஒருத்தி, இரவு ரிப்பீட்டரில் கேட்கும் குரல் என்று நினைத்துக் கேட்கிறான். காற்றில் சம்பாதித்த நம்பிக்கையை வீடியோவில் செலவழிக்கிறோம். புதிதாக லைசென்ஸ் எடுத்த பையன் முதல் ரேடியோ வாங்குவது அந்தக் குரலை நம்பித்தான்.

அதனால் பெட்டியை வாங்கும் முன்னால் அவர்களுக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். வீடியோவை வெளியிடும் முன் அவர்கள் பார்க்க வேண்டுமா? இந்தத் தேதிக்கு முன் போடக்கூடாது, இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஏதாவது உண்டா? வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பலாமா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் 'தேவையில்லை' என்றுதான் சொல்வார்கள். அப்போதும் அனுப்பிவிடு, அல்லது எந்தப் பள்ளி மாணவர் குழுவுக்காவது கொடுத்துவிட்டு அதையும் வீடியோவில் சொல். முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே. இதில் பேச்சுவார்த்தைக்கே இடம் கொடுக்காதே.

அப்புறம், முதல் அரை நிமிடத்தில், பெட்டியைக் கையில் எடுக்கும் முன், கேமராவைப் பார்த்து இப்படிச் சொல்லலாம். எழுதியே தருகிறேன், உன் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்:

'இந்த ரேடியோவைக் கம்பெனி எனக்கு இலவசமாக அனுப்பியிருக்கிறது. பணம் வாங்கவில்லை. வீடியோவை அவர்கள் முன்னால் பார்க்கவில்லை. கீழே உள்ள சுட்டி வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். இதை நான் மூன்று வாரம் பயன்படுத்தினேன், ஹார்மோனிக்ஸ் அளந்தேன், மழையில் சோதிக்கவில்லை, பேட்டரி ஒரு வருடத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.'

சுட்டி போடவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடு. போடாமல் இருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். நல்ல ரேடியோ என்று சொன்னால் வரும் காசு, மோசம் என்று சொன்னால் வராது. அனுப்பிய ரேடியோவைவிட அந்தச் சுட்டிதான் ஆளை மெல்ல மெல்ல இழுக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹார்மோனிக்ஸ் அளக்க எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் வருகிறது என்று காட்டும் என்னுடைய குட்டி ஸ்பெக்ட்ரம் அனலைசரை உனக்கு அனுப்புகிறேன், கூடவே சிக்னலைக் குறைக்கும் இரண்டு அட்டென்யூவேட்டர்களும். 5 வாட்டை நேராக அதில் கொடுத்துவிடாதே, உள்ளே இருப்பது எரிந்துபோகும். முதல் அட்டென்யூவேட்டர் 30 டெசிபல், 10 வாட் தாங்கும், ரேடியோ பக்கம் அதுதான் வர வேண்டும். 20 டெசிபல் சின்னதை அதற்குப் பின்னால் மாட்டு, மாற்றி மாட்டினால் சின்னது புகைந்துவிடும். அளந்ததும் திரையை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். சனிக்கிழமை ராத்திரி வழக்கமான நேரத்தில் 40 மீட்டரில் இருப்பேன், அதற்குள் கம்பெனி பதில் போட்டிருந்தால் அங்கேயே சொல்.

33 (நம் பெண் ஹாம்களின் அன்பு வாழ்த்து),
மாலதி